பீச் பழமும் எங்கள் வீட்டுப் புளிசேரியும்

உத்தியோக நிமித்தமாக வடநாடு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் உடை மாறுகிறது. பேச்சில் இந்தி கலக்கிறது. குழந்தைகளின் விளையாட்டுகள்கூட மாறிவிடுகின்றன. ஆயினும் அடுப்பங்கரை மட்டும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கடைத்தெருவில் குவிந்து கிடக்கும் பண்டத்தைக் கண்ணெடுத்தும் பாராமல், 3000 கிலோமீட்டருக்கு அப்பால் விளையும் பண்டத்திற்கு ஏங்கிக்கொண்டிருப்பது நம்மில் பலருடைய வழக்கம். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அருகிலிருக்கும் பண்டத்தையும் நம் கைப்பக்குவத்திற்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பண்டம் பீச் பழம்.

நான் பத்தாம் வகுப்பு தேறியவன். ரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதி எழுத்தரானேன். கால்காவிற்கு மாற்றலாகி வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிம்லா மலை ரயில் புறப்படுவது இங்கிருந்துதான். இரண்டடி ஆறங்குல அகலமுள்ள அந்தச் சிறு பாதை 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதை ஏறிச் செல்லும் வழியில் சோலன் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கப்பால் சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கர் பள்ளத்தாக்கு, பீச் பழத்திற்கு மிகவும் பெயர் பெற்றது. ஜூன் மாதம் பிறந்ததும் அங்கிருந்து பெட்டி பெட்டியாகப் பழம் இறங்கத் தொடங்கும். எங்கள் குடியிருப்பு வாசலில் தள்ளுவண்டிக்காரரின் குரலும் கேட்கத் தொடங்கும்.

இந்தியில் இப்பழத்திற்கு ‘ஆடூ’ என்று பெயர். இந்தப் பெயரால் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. என் தாயார் செங்கோட்டையிலிருந்து இங்கு வந்த முதல் வாரத்தில், “ஆடூ லேலோ, ஆடூ!” என்ற கூவலைக் கேட்டுத் திண்ணைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். “இந்த ஊரிலே ஆட்டைக் கூறுபோட்டுத் தள்ளுவண்டியிலா விற்கிறான்?” என்றார்கள். “ஆச்சி, அது ஆடு இல்லை, ஆடூ. பீச் பழம்!” என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாயார் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

அப்போது அவர்கள் சிரிக்கும் நிலையில் இல்லை. என் தகப்பனார் காலமாகி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நாற்பது ஆண்டுகள் புழங்கிய வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களை இங்கு அழைத்து வந்திருந்தோம். ஜூன் மாதம் செங்கோட்டையில் சாரல் விழும் காலம். இங்கோ அனல் வீசும் காலம். தட்டில் போட்டதில் பாதிக்குமேல் உண்ண மாட்டார்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, “நோய் எதுவும் இல்லை, ஆனால் எடை குறைந்துகொண்டே போகிறது. எப்படியாவது சாப்பிடச் செய்யுங்கள்” என்றார். தாயாரோ, “எய்யா, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு” என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. தனியாக அனுப்பவும் மனமில்லை. பட்டினியாக வைத்திருக்கவும் வழியில்லை. ரயில்வேயில் இருப்பவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமன்று. அதை எடுக்காமலிருப்பதுதான் பெரும் பாரமாக இருந்தது.

எங்கள் பக்கம் மலையாள எல்லையை ஒட்டியது. ஆகையால் பழுத்த நாட்டு மாம்பழத்தை முழுசாகப் போட்டுத் தேங்காயும் தயிரும் சேர்த்து வைக்கும் புளிசேரி எங்கள் வீடுகளில் கோடைகாலத்து விசேஷம். தாயாருக்கு அதில் மிகுந்த பிரியம். அதற்குரிய புளிப்பும் இனிப்பும் கலந்த சிறு மாம்பழம் எங்கள் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. ஒருநாள் என் மனைவி பீச் பழம் ஒன்றை அரிந்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “என்னங்க, இதிலும் அதே புளிப்பும் இனிப்பும் இருக்கிறதே! புளிசேரி வைத்தால் என்ன?” என்று கேட்டாள். வைத்தும்விட்டாள்.

கொதி வந்து மணம் பரவியதும் தாயார் எழுந்து அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்கள். கரண்டியால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார்கள். “வெந்தயம் காணாது. தயிரும் புளிக்கலை. தள்ளு, நான் பார்க்கேன்” என்றார்கள். என் மனைவி உடனே கரண்டியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். கால்காவிற்கு வந்த பிறகு தாயார் அடுப்பின் முன் நின்றது அன்றுதான். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்கள். பழத்தில் ஏதோ மருந்து இருந்தது என்று நான் சொல்லவில்லை. குறை கண்டுபிடிக்கவும் திருத்தவும் அவர்களுக்கு ஒரு காரியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி, பழத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். சிவப்பைக் கண்டு மயங்கலாகாது. சிவப்பு என்பது பழத்தின் இனத்தையும் அதன்மேல் பட்ட வெயிலையும் பொறுத்தது, பழுத்ததற்கு அடையாளமன்று. சிவப்பில்லாத இடத்தில் அடிநிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் காய். மஞ்சளாகவோ வெண்மஞ்சளாகவோ மாறியிருந்தால் பழம். அடுத்து, காம்புப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். மணமில்லாத பழத்தில் ருசியும் இராது. விரல் நுனியால் அழுத்தினால் கன்றிவிடும். உள்ளங்கையில் வைத்து மெல்ல மூடிப் பார்த்தால் காம்பருகே சற்று இளகும்.

ஒன்று முக்கியம். மரத்திலிருந்து பறித்த பிறகு பீச் மென்மையாகும். ஆனால் இனிப்புக் கூடாது. வாழைக்காயைப் போல மாவுச்சத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் சர்க்கரையாக்கும் பழமன்று இது. ஆகவே பச்சையாகப் பறித்ததை வாங்கி நாள்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. சற்றுக் கெட்டியாக இருக்கும் பழத்தைக் காம்புப் பக்கம் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல், அறையிலேயே ஓரிரு நாள் வைத்தால் இளகிவிடும். இளகுமுன் குளிர்பெட்டியில் வைத்தால் சதை சாறற்று மாவு போலாகிவிடும். பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

பருவத்தையும் அறிந்துகொள்வது நலம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருவது பஞ்சாப் சமவெளிப் பழம். ‘ஷான்-இ-பஞ்சாப்’ அவற்றுள் ஒன்று. பீச் மரம் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். குறைந்த குளிரிலேயே பூக்கும் இனங்களைத் தேர்ந்தெடுத்ததால்தான் சமவெளியிலும் அது விளைகிறது. ஜூன், ஜூலையில் வருவது மலைப் பழம். ‘ஜூலை எல்பெர்ட்டா’ என்று இங்கே வழங்கும் இனத்தின் பெயரில் உள்ள எல்பெர்ட்டா, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துச் சாமுவேல் ரம்ஃப் என்ற தோட்டக்காரர் 19ஆம் நூற்றாண்டில் தாம் உண்டாக்கிய பழத்திற்கு இட்ட பெயர். அது அவருடைய மனைவியின் பெயராம்! சில இனங்களில் சதை கொட்டையைவிட்டு எளிதில் பிரியும். சிலவற்றில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சமையலுக்குப் பிரியும் இனமே சௌகரியம்.

பழத்தின் மேலுள்ள பூனைமயிர் போன்ற சுணை தொண்டையில் உறுத்தும். தண்ணீரில் நன்கு தேய்த்துக் கழுவவேண்டும். தோலுரிக்க, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டெடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோல் கழன்று வரும். கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக் குழந்தைகளை விடாதீர்கள். அதில் நச்சுத்தன்மை உண்டு. புளிப்புள்ள பழமாகையால் எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில் சமைப்பது நல்லது.

தாயார் திருத்தியமைத்த புளிசேரி இது. பழுத்தும் சற்றுக் கெட்டியாக உள்ள பழம் நான்கு. தோலுரித்து நான்காக அரிந்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் மஞ்சள்பொடி, அரைத் தேக்கரண்டி மிளகாய்ப்பொடி, உப்பு, நெல்லிக்காயளவு வெல்லம் சேர்த்து ஐந்து நிமிடம் வேகவிடவும். மாம்பழத்தைவிட இது விரைவில் குழைந்துவிடும். அரைமூடித் தேங்காய், மூன்று பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை நைசாக அரைத்துச் சேர்த்து ஒரு கொதி விடவும். தீயைத் தணித்து, ஒன்றரைக் கோப்பை நன்கு புளித்த தயிரைக் கடைந்து ஊற்றவும். நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும்.

கெட்டிக் காயாகக் கிடைத்தால் மாங்காய்ப் பச்சடி போலவே வெல்லப் பச்சடி செய்யலாம். மாங்காய்க்குப் போடும் வெல்லத்தில் பாதி போதும். துருவி நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய்ப்பொடியும், வறுத்துப் பொடித்த கடுகு வெந்தயமும் சேர்த்துத் தொக்காகவும் கிளறலாம். மாங்காயின் புளிப்பு இதில் இல்லாமையால் சிறிது புளிக்கரைசல் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பாயசம் வைப்பவர்கள், பால் நன்கு ஆறிய பிறகே பழக்கூழைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் பால் திரிந்துபோகும்.

இப்பழம் இந்நாட்டுக்கு வந்த கதையை ஏழாம் நூற்றாண்டில் இங்கு யாத்திரை செய்த யுவான் சுவாங் தாம் கேட்டவாறு எழுதி வைத்திருக்கிறார். கனிஷ்க மன்னர் காலத்தில் சீனத் தேசத்துப் பிணையாளிகள் பஞ்சாபில் தங்கியிருந்தார்களாம். பீச், பேரிக்காய் இரண்டையும் இங்கு நட்டவர்கள் அவர்களே என்றும், ஆகையால் பீச்சுக்குச் ‘சீனனி’ என்று பெயர் வந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் வாய்க்குப் பழகிய பழத்தை நட்டுக்கொண்டார்கள் என்பதைக் கேட்டபோது, நம்மைப் போன்றவர்களாகவே அவர்கள் எனக்குத் தோன்றினார்கள்.

தாயார் எங்களோடு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்வதை அவர்கள் விட்டுவிடவில்லை. சென்ற மார்கழியில் அழைத்துச் சென்று ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். இனியும் ஆண்டுதோறும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். இப்பருவத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் பழம் பொறுக்குகிறவர்கள் அவர்களே. இந்தி தெரியாது, பழத்தை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினால் அவருக்குப் புரிந்துவிடுகிறது.

வீட்டில் ஊரிலிருந்து வந்த பெரியவர்களை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவர்களுக்கு வேண்டியதையெல்லாம் தட்டில் கொண்டுபோய் வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒருநாள் கரண்டியையும் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். ஜூலை முடியும் வரை நல்ல பழம் கிடைக்கும்.