ஓர் உயிருக்கு 27 ரூபாய்கூட இல்லை!

1975 டிசம்பர் 27. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம், தன்பாத் பக்கத்தில் இருக்கும் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் திடீரென வெள்ளம் புகுந்தது. அருகில் கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர், தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 375 பேர் உயிரோடு திரும்பவில்லை. அமிதாப் பச்சன் நடித்த 'காலா பத்தர்' படத்துக்குக் கரு கொடுத்தது இந்த விபத்துதான்.

பழைய சுரங்கத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அப்படிப்பட்ட இடத்துக்கு 60 மீட்டர் வரை நெருங்கிவிட்டால், எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் மேற்கொண்டு வெட்டக் கூடாது என்று 1957-ம் ஆண்டு விதிமுறைகளே சொல்லியிருந்தன. விதிக்குக் குறைவில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி, விதியை மீறி அதனால் உயிர் போனால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. நடுவில் இருக்கும் அந்த 'அல்லது' கொஞ்சம் உறுத்துகிறது, இல்லையா?

சாஸ்நாலா வழக்கில் 2012-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் இருவர் இறந்தே போயிருந்தார்கள். மீதி இரண்டு அதிகாரிகளுக்குத் தலா ஓர் ஆண்டு சிறை, 5,000 ரூபாய் அபராதம். இரண்டு அபராதத்தையும் கூட்டி 375-ஆல் வகுத்தால், ஓர் உயிருக்கு 27 ரூபாய்கூட வரவில்லை. விபத்தன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு, அப்பாவின் சாவுக்குத் தீர்ப்பு வந்தபோது 36 வயது தாண்டியிருக்கும்.

பணக்கார நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், 2010 ஏப்ரல் 5 அன்று அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக, நிறுவனத்தின் தலைவராக இருந்த டான் பிளாங்கன்ஷிப்புக்கு 2016-ல் ஓர் ஆண்டு சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். கேட்கப் பெரிய தொகை. ஆனால், விபத்துக்கு முந்தைய வருடம் அவர் பெற்ற ஊதியம் சுமார் 1 கோடியே 78 லட்சம் டாலர். கணக்குப் போட்டால், அபராதம் அவருடைய ஐந்து நாள் வருமானம்!

தண்ணீரை இறைக்கவும், காற்றோட்டம் அமைக்கவும், ஆபத்தென்றால் வேலையை நிறுத்தவும் பணம் செலவாகும். அபராதம் அதைவிடக் குறைவு என்றால், விதியை மீறுவதே லாபம் என்றாகிவிடும். அப்போது அபராதம் தண்டனையாக இருக்காது. வரவு செலவில் இன்னொரு வரியாகிவிடும்.

2020-ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், உயிரிழப்புக்கான அபராதத்தைக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் ஆக்கியிருக்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நல்ல மாற்றம்தான். ஆனாலும் அந்த 'அல்லது' இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு 5 லட்சம் வலிக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது.

அதைவிட முக்கியம், அந்தப் பணம் எப்போது வரும் என்பது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய வயதில் வந்தால்தான் அது நியாயம். அந்தப் பிள்ளைக்கே நரை விழுந்த பிறகு வந்து என்ன பயன்?