பெற்றோலா, டீசலா? வாகனம் வாங்குமுன் ஒரு கணக்கு

இந்த நாட்டுக்கு வந்து ஒரு வேலை கிடைத்ததும் எம்மவர்களின் அடுத்த தேவை வாகனம்தான். பகலில் தொழிற்சாலை, மாலையில் துப்புரவு வேலை, சனி ஞாயிறில் புல் வெட்டுதல் என்று ஓடுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றக்கூடிய வாகனம் வேண்டும். பின்னால் தட்டு வைத்த அந்த வாகனத்தை இங்கே 'யூட்' என்பார்கள். ஜீலோங் நகரில் இருந்த போர்ட் தொழிற்சாலையில் 1934இல் அது உருவானது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வாகனம் வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிய கடிதமே அதற்குக் காரணம் என்பார்கள். குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஒரே வாகனம் என்பதுதானே எங்கள் தேவையும்.

வாங்கப் போகும்போது வரும் முதல் கேள்வி, பெற்றோலா டீசலா என்பது. டண்டினோங்கில் எங்கள் வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் இந்தக் கதை வராத கிழமை இல்லை. "டீசல்தான் பலம், டீசல்தான் மலிவு" என்று உடனே ஒருவர் சொல்லுவார். ஊரில் அது சரி. லொறி, பஸ், உழவு இயந்திரம் எல்லாம் அங்கே டீசலில் ஓடின, டீசலின் விலையும் பெற்றோலைவிடக் குறைவு. இங்கே டீசல் விலை பெற்றோலைவிட உயர்ந்து நிற்கும் நாட்கள் பல.

எரிபொருளின் அருமையை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகைக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகள் நாங்கள். அந்த எஞ்சின்கள் காற்றை மிகவும் இறுக்கி அமுக்காதவை, அதனால் தாங்கின. இன்றைய எஞ்சின்கள் அப்படித் தாங்கமாட்டா.

பெற்றோல் எஞ்சினில் பிளக் கொடுக்கும் தீப்பொறியால் எரிபொருள் பற்றுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மிக இறுக்கி அமுக்க, அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் ருடோல்ஃப் டீசல் என்பவர் 1897இல் ஓட்டிக் காட்டிய முறை இது. ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் சக்தியும் உண்டு. இழுவையும் கூட. ரொயோட்டா ஹைலக்ஸில் 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சினின் இழுவிசை 245 நியூட்டன் மீற்றர். 2020இல் வந்த 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், ஓட்டோ கியருடன் 500 கொடுக்கும். அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும். பாரமான றெயிலர் இழுப்பவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, நூறு கிலோமீற்றருக்குப் பெற்றோல் வாகனம் 11 லீற்றரும் டீசல் வாகனம் 8 லீற்றரும் குடிக்கிறது என்று வைப்போம். இரண்டும் லீற்றர் 2 டொலர். வருடம் 10,000 கிலோமீற்றர் ஓடினால் மிச்சம் 600 டொலர்தான். டீசல் வாகனத்துக்கு 4,000 டொலர் கூடக் கொடுத்திருந்தால் அதை மீட்க ஆறு வருடத்துக்கு மேல் செல்லும். வருடம் 30,000 ஓடுகிறவருக்கு மிச்சம் 1,800 டொலர், இரண்டேகால் வருடத்தில் காசு திரும்பிவிடும்.

இதற்கு மேலே இன்னொரு விடயம் உண்டு. இப்போதைய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது சுமார் 600 பாகை சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்யவேண்டும். அந்தச் சூடு பெரும்பாலும் நெடுஞ்சாலையில் விடாமல் ஓடும்போதுதான் வரும். கிட்டத்துக் கிட்ட ஓடி ஓடி நிறுத்தினால் கரி அடைத்துக்கொள்ளும்.

எங்களில் ஒரு குடும்பம் கடனெடுத்துப் பழைய டீசல் வான் ஒன்று வாங்கியது. விற்றவர்கள் எரிபொருள் மிச்சம் என்று மட்டும்தான் சொன்னார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு ஆறு கிலோமீற்றர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு. ஒரு வருடத்துக்குள் வடிகட்டி அடைத்துவிட்டது. புதிது போடப் பல ஆயிரம் டொலர். ஊரில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கென்று சேர்த்த காசு அதிலே போனது.

நெடுஞ்சாலையில் ஓடியும் தப்பாத வாகனங்கள் உண்டு. 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை இங்கே விற்ற ரொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வாகனங்கள் 264,000க்கு மேற்பட்டவற்றில் இந்த வடிகட்டி அமைப்பே குறைபாடானது என்று 2022 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த வருடங்களின் வாகனத்தைப் பழையதாக வாங்குகிறவர்கள், திருத்தம் செய்யப்பட்டதா என்று சேர்விஸ் புத்தகத்தில் பார்க்கவேண்டும்.

'காஸ்' வாகனம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கர் பெற்றோலையே 'காஸ்' என்பார்கள், இங்கே அது எல்.பி.ஜி. வாகனத்தைக் காசுக்கு மாற்ற 2006 முதல் 2014 வரை அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது. காஸில் ஓடவென்றே செய்யப்பட்ட போர்ட் பல்கன் 2016இல் அந்தத் தொழிற்சாலையோடு நின்றுபோனது. காஸ் பம்புகளும் வரவரக் குறைகின்றன. மலிவாகக் கிடைத்தாலும், வீட்டுக்குப் பக்கத்தில் பம்ப் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

எந்த எஞ்சின் வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். டீசல் பம்பின் வாய் பெரிது என்பதால் பெற்றோல் வாகனத்தில் பெரும்பாலும் நுழையாது. பெற்றோல் பம்ப்போ டீசல் வாகனத்தில் இலகுவாக நுழைந்துவிடும். இரவு வேலை முடிந்து நித்திரைக் கண்ணோடு வருகிறவர்கள் மூடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பிழையாக அடித்துவிட்டால் திறப்பைத் திருகவே வேண்டாம். எஞ்சினை இயக்காமல் மெல்பேர்ணில் ஆர்.ஏ.சி.வி.யையோ சிட்னியில் என்.ஆர்.எம்.ஏ.யையோ கூப்பிட்டால் தாங்கியைக் கழுவுவதோடு போகலாம். இயக்கினால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போகும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்திருக்கிறது. கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். வேலை, பள்ளிக்கூடம், கடை என்று கிட்டத்தில் ஓடுகிறவர்களுக்குப் பெற்றோல் போதும். விடியப்புறம் டண்டினோங்கிலிருந்து எப்பிங் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருகிறவர்களுக்கும், தினமும் பாரம் இழுக்கிறவர்களுக்கும் டீசல் பொருந்தும். வாங்குமுன் ஒரு கிழமை எங்கெங்கே, எத்தனை கிலோமீற்றர், என்ன பாரத்தோடு போகிறீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். பி.பி.எஸ்.ஆர். பதிவில் இரண்டு டொலர் கட்டி, வாகனத்தின்மேல் பழைய கடன் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரைச் சேராத மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

அயலவர் வைத்திருக்கிறார் என்பதற்காகப் பெரிய எஞ்சின் வாங்கவேண்டியதில்லை. கடனைக் கட்டப்போவது அயலவர் அல்ல. நாங்கள் இரவு பகலாக நின்று உழைத்த காசு அது. அதில் ஊரில் இருப்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது.