சோஃபியின் கையுறை

செவ்வாய், இரவு

ஜூலியா க்வின் 2001-இல் எழுதிய ‘ஆன் ஆஃபர் ஃப்ரம் எ ஜென்டில்மேன்’ நாவலைத் தொடங்கினேன். பிரிட்ஜர்டன் வரிசையில் மூன்றாவது. சிண்டரெல்லா கதையை 1815-ஆம் ஆண்டு லண்டனில் நடத்துகிறார். சிறுவயது முதலே அந்தக் கதையில் எனக்கொரு உறுத்தல். அவ்வளவு வெறுக்கும் சித்தி, பெண்ணை ஏன் துரத்திவிடவில்லை? 1697-இல் ஷார்ல் பெரோ எழுதிய கதை அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

க்வின் பதிலை உயிலில் வைத்திருக்கிறார். சோஃபி, பென்வுட் பிரபுவுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவள். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அத்தகைய பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. அவளை இருபது வயதுவரை வீட்டில் வைத்திருந்தால் மனைவி அராமின்டாவின் ஆண்டு வருமானம் மும்மடங்காகும் என்று பிரபு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறார். அராமின்டா பணத்தையும் வாங்கிக்கொண்டு, வேலைக்காரிக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தையும் மிச்சம் பிடிக்கிறாள். எவ்வளவு கச்சிதமான கணக்கு!

வியாழன்

முகமூடி விருந்து முடிந்தது. மந்திரக்கோலும் பூசணிக்காயும் வரவே இல்லை. வீட்டு வேலையாட்கள் ஒன்றுகூடி, பாட்டியின் பழைய வெள்ளி நிற கவுனை எடுத்துச் சோஃபியை அலங்கரித்து அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் எஜமானிமேல் அவ்வளவு கடுப்பு. விருந்தில் அவளிடம் மயங்கும் பிரிட்ஜர்டன் வீட்டு மகன் பெனடிக்டின் கையில் கடைசியில் மிஞ்சுவது அவளுடைய ஒரு கையுறை.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் லேடி விசில்டவுனின் வம்புப் பத்தி முன்னால் வந்து நிற்கிறது. ஊரே காதுகடிக்கும் குரல் அது. கிராமத்தில் பெனடிக்டுக்கு ஒரு வீடு. அதற்கு அவன் வைத்த பெயர் ‘மை காட்டேஜ்’, என் குடில்! வாய்விட்டுச் சிரித்தேன்.

சனி

இன்று சிரிக்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து சோஃபியை வேலைக்காரியாகச் சந்திக்கும் பெனடிக்ட், அடையாளம் தெரியாமலே மனம் பறிகொடுக்கிறான். ஆனால் மணக்கக் கேட்கவில்லை, ஆசைநாயகியாக இருக்கச் சொல்கிறான். சோஃபி மறுக்கிறாள். தான் பட்ட பாட்டை இன்னொரு குழந்தை படக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம்தான் இந்த நாவலின் முதுகெலும்பு. தன் தாயின் வீட்டுக்கு வேலைக்கு வராவிட்டால் திருட்டுப் பழி சுமத்துவேன் என்று அவன் மிரட்டுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆசிரியர் அதைக் காதலின் தவிப்பாகக் காட்டப் பார்க்கிறார்; அது வெறும் அதிகாரம்.

ஞாயிறு

படித்து முடித்தேன். எனக்குப் பிடித்தவள் போஸி, அராமின்டாவின் இளைய மகள். மனதில் பட்டதை இடம்பொருள் பாராமல் உளறிவிடுவாள். அம்மாவின் வாயில் தினமும் விழுந்து எழுவாள். பெரோவின் சிண்டரெல்லா இரு சகோதரிகளையும் ஒன்றாக மன்னித்துப் பிரபுக்களுக்கு மணமுடித்து வைப்பாள். க்வின் அவர்களைப் பிரித்துப் பார்க்கிறார். மூத்தவள் ரோசமண்ட் அம்மாவின் அச்சு. போஸியோ, அராமின்டாவால் சிறைக்குப் போன சோஃபியை மீட்கும் நேரத்தில் தாய்க்கு எதிராக வாய் திறக்கிறாள். பெனடிக்டின் தாய் வயலெட் அவளைத் தன்னுடனேயே அழைத்துப்போகிறாள். காதலர்கள் சேர்ந்ததைவிட எனக்கு இதில்தான் சந்தோஷம்.