கார்டு உள்ளே, கம்பி வெளியே

நெம்மேலியில் அந்தக் கடையின் பலகையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஈபி பில், பாஸ்போர்ட் போட்டோ என்றுதான் எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எங்கும் இல்லை. ஆனாலும் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு விடுதியில் பில் போடும் மெஷின் படுத்துவிட்டால் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கிறது. நான் போனபோது மேசைமேல் மூன்று கேபினெட்டுகள் வயிறு திறந்து கிடந்தன. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் தொழில் பழகியவர். இந்தக் கடற்கரைக்கு இன்டர்நெட் எப்படி வந்து சேர்கிறது, அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் யார் என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், பரண்மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார்.

"இத பாத்திருக்கீங்களா சார்?"

உள்ளே இரண்டு பச்சைப் பலகைகள். கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகும் டிஎஸ்எல் மோடம் கார்டுகள். ஒன்று பிரெஞ்சு நிறுவனமான பீவான் செய்தது, மற்றது பெர்லினைச் சேர்ந்த ஏவிஎம் நிறுவனத்தின் ஃப்ரிட்ஸ் கார்டு. மாமல்லபுரத்தில் வருடக்கணக்கில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மெஷின்களிலிருந்து கழற்றியவையாம்.

நம் ஊரில் இந்த இனம் அபூர்வம். ஃபோன் லைனில் டயல் செய்து கீச்சென்று கத்திக்கொண்டு இணையும் 56கே கார்டுகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடுத்த தலைமுறையான டிஎஸ்எல், கார்டாக இங்கே பரவவே இல்லை. 2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியபோது, மோடத்தைத் தனிப் பெட்டியாகவே வீடுகளுக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, ஒரே செப்புக் கம்பியில் பேச்சும் இணையமும் சேர்ந்து போகும்படி சென்னை ஐஐடியின் டெனெட் குழு 'டயாஸ்' என்ற அமைப்பை உருவாக்கியிருந்தது. அதிலும் வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்தது தனிப் பெட்டிதான்.

"மாட்டிக் காட்டவா?" என்றார் கடைக்காரர். இந்தக் கடைக்கு வரும் லேண்ட்லைன் இன்னும் செப்புக் கம்பிதான். இந்தத் தெருவில் மிச்சமிருக்கும் சில லைன்களில் அதுவும் ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய பென்டியம் 4 மெஷின் ஒன்றையும் அவர் விடாமல் வைத்திருக்கிறார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினார். சப்ளைக்குள் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்கு. கேபினெட்டின் தகரத்தைத் தொட்டுக்கொண்டு, பின்பக்கத் தகட்டுத் துண்டு ஒன்றைக் கழற்றினார். மதர்போர்டில் வெள்ளை நிறத்தில் நீளமாக இருப்பவை பிசிஐ ஸ்லாட்டுகள். கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மூன்று நான்கு தரம் தேய்த்தார். கடற்கரையில் இது செய்யாமல் எந்தக் கார்டையும் செருக மாட்டாராம். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு முனையிலும் சமமாக அழுத்த, மெல்லிய 'டக்' சத்தத்தோடு கார்டு உட்கார்ந்தது. ஒரு ஸ்க்ரூ. பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் 'லைன்' என்ற வாயில் வெளியிலிருந்து வரும் ஒயர், 'ஃபோன்' வாயில் டெலிபோன், 'மோடம்' வாயிலிருந்து கார்டுக்கு. வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

முதலில் மாட்டியது ஜெர்மன் கார்டு. டிரைவர் ஏறியது, விண்டோஸ் கார்டை அடையாளம் கண்டது. ஆனால் லைனைப் பிடிக்க முயன்றுகொண்டே இருந்ததே தவிரப் பிடிக்கவில்லை.

"புடிக்காது சார். எனக்குத் தெரியும். நீங்க பாக்கட்டும்னுதான் போட்டேன்."

காரணம் கார்டின் பழுது இல்லை. நம் லைனில் பேச்சு 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழே போகிறது. அதற்கு மேலே ஏறத்தாழ 25லிருந்து 138 வரை நாம் அனுப்பும் தரவு, 138லிருந்து 1,104 வரை நமக்கு வரும் தரவு. இந்த ஏற்பாட்டுக்கு அனெக்ஸ் ஏ என்று பெயர். ஜெர்மனியில் கீழ்ப்பகுதியை ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி பிடித்துக்கொண்டதால் அங்கே டிஎஸ்எல் 138க்கு மேல்தான் தொடங்கும். அது அனெக்ஸ் பி. எக்ஸ்சேஞ்ச் காது வைத்துக் கேட்கும் இடத்தில் இந்தக் கார்டு பேசுவதே இல்லை. இரண்டும் ஒரே கம்பியில் இருந்தும் சந்திக்கவில்லை.

பிரான்ஸ் நம்மைப் போல அனெக்ஸ் ஏ. பீவான் கார்டை மாட்டியதும் அரை நிமிடத்தில் லைன் கிடைத்தது. ஆனால் நெட் வரவில்லை. கடைக்காரர் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். விபிஐ, விசிஐ என்று இரண்டு கட்டங்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் நம் தரவு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று சொல்லும் எண்கள் அவை. கார்டு தன் சொந்த ஊர் வழக்கப்படி 8, 35 என்று வைத்திருந்தது. ஜெர்மனியில் 1, 32. பிரிட்டனில் 0, 38. இங்கே 0, 35. எட்டை அழித்துச் சுழியம் போட்டார். பிபிபிஓஇ, எல்எல்சி என்று தேர்ந்தெடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடித்தார். பக்கம் திறந்தது.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தபோது, அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிஎஸ்என்எல்லில் லைன்மேனாக இருந்து 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். இப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் அதே வேலையைச் செய்கிறார். இணையப் பக்கம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கார்டு காட்டும் இரண்டு எண்களைத்தான் பார்த்தார். வழியில் சிக்னல் தேயும் அளவான அட்டென்யுவேஷன் 38 டெசிபெல். இரைச்சலைத் தாண்டி மிஞ்சும் நாய்ஸ் மார்ஜின் 5.

"முப்பத்தெட்டு நியாயம். எக்ஸ்சேஞ்ச் இருக்கிற தூரத்துக்கு அவ்ளோ குறையத்தான் செய்யும். அஞ்சுதான் அநியாயம். ஆறுக்குக் கீழ வந்தா லைன் நிக்காது. எங்கியோ ஒரு ஜாயிண்டு அழுகியிருக்கு."

டெலிபோனை எடுத்து டயல் டோன் கேட்டார். பிறகு திரையைப் பார்த்தார். போனை எடுத்ததும் மார்ஜின் கொஞ்சம் ஏறியது. வைத்ததும் இறங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களிம்பு ஏறிய ஜாயிண்டில், பேசும்போது ஓடும் நேர்மின்னோட்டம் அந்தப் படலத்தைத் துளைத்து வழி ஏற்படுத்திக்கொள்ளும். போனை வைத்தால் வழி மறுபடி அடைபடும். இதனால் லைன்மேன்களுக்கு மட்டும் தெரிந்த விசித்திரங்கள் உண்டு. இரண்டு கம்பியில் ஒன்று அறுந்து போன் செத்துக் கிடக்கும்போதும், டிஎஸ்எல்லின் உயர் அலைவரிசை அந்த இடைவெளியைத் தாவி நெட் மட்டும் நொண்டிக்கொண்டு ஓடும். "போன் டெட், நெட் வருதுன்னு கம்ப்ளைன்ட் வந்தா புதுசா சேந்த பசங்க கஸ்டமர் பொய் சொல்றாருன்னு நெனப்பாங்க."

அவரோடு வெளியே நடந்தேன். சாலைக்குக் கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இரண்டு பக்கமும் ஈரம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க நெம்மேலியில் 2013இல் ஓர் ஆலையும் 2024இல் இன்னொன்றும் வந்துவிட்டன. நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டரும் பதினைந்து கோடி லிட்டரும் அவற்றின் திறன். காற்றில் வரும் உப்பைப் பிரிக்க ஆலை கிடையாது. அது லைன்மேன் பாடு.

கம்பத்தில், லைன்கள் பிரியும் டிபி பாக்ஸின் மூடியைத் திறந்தார். உள்ளே எறும்பு மண். பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஜோடிகளை எண்ணினார். வெள்ளையோடு நீலம் முதல் ஜோடி, ஆரஞ்சு இரண்டு, பச்சை மூன்று, பழுப்பு நான்கு, சாம்பல் ஐந்து. ஆறாவதிலிருந்து வெள்ளைக்குப் பதில் சிவப்பு. நம் கடையின் ஜோடி சிவப்பு-பச்சை. அதைத் தொட்டு இழுத்ததும் முனை கையோடு வந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் செம்பு, நுனியில் இரண்டு விரற்கடைக்குப் பச்சைப் பொடியாகியிருந்தது.

"எக்ஸ்சேஞ்சுல மைனஸ் நாப்பத்தெட்டு வோல்ட் கொடுப்பாங்க சார். பிளஸ்ஸ எர்த்துல போட்டிருப்பாங்க. ஈரத்துல செம்பு கரையாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதையும் மீறித் தின்னுது பாருங்க இந்தக் காத்து."

நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினார். பளபளவென்று சிவப்பு வந்த பிறகும் இன்னொரு விரற்கடை வெட்டினார். பச்சை கண்ணுக்குத் தெரியுமுன் உள்ளே ஓடியிருக்கும் என்பது அவர் கணக்கு. பழைய முறுக்கு ஜாயிண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜெல்லி நிரப்பிய யூஒய் கனெக்டரில் இரண்டு கம்பிகளையும் தோல் உரிக்காமலே நுழைத்துக் குறட்டால் அழுத்தினார். உள்ளிருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்வும், ஜெல்லி பிதுங்கிக் காற்றை வெளியேற்றும். ஓரத்தில் ஜெல்லி எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்தார். வராவிட்டால் அந்த கனெக்டரை நம்ப மாட்டார். திரும்பி வந்து பார்த்தபோது மார்ஜின் 11.

கார்டு ஏன் இங்கே பிழைத்திருக்காது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் இடி விழுந்தால் மின்னலின் மின்சாரம் கம்பி வழியாக வீட்டுக்குள் வரும். எக்ஸ்சேஞ்சில் வாயு நிரப்பிய ஜிடி ட்யூபுகள் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். வீட்டு முனையில் பல இடங்களில் அந்தக் காவல் இல்லை. "வெளிய பொட்டி இருந்தா பொட்டி போவும். கார்டு உள்ள இருந்தா மதர்போர்டையும் சேத்துக் கூட்டிக்கினு போவும்." கடைக்காரர் இன்னொன்று சேர்த்தார். கார்டு போட்ட மெஷின் நேராக இணையத்தின்மேல் நிற்கும். 2003இல் பிளாஸ்டர், 2004இல் சாசர் என்று புழுக்கள் கிளம்பியபோது, லைன் கிடைத்த சில நிமிடங்களிலேயே மெஷின் தானாக அணைந்து எழும். ரவுட்டர் பெட்டி நடுவில் இருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். கார்டு விலை குறைவு, மேசையில் இடம் மிச்சம், தனி அடாப்டர் வேண்டாம் என்ற லாபங்கள் இந்த இரண்டு காரணங்களுக்கு முன் நிற்கவில்லை.

மத்தியானம் ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். ஃபைபர் வேலை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் செம்பைக் கழற்றி ஃபைபர் கொடுக்க வேண்டும். "ணா, நீங்களும் வாங்கண்ணா, பழைய ரூட் உங்களுக்குத்தான் தெரியும்" என்று லைன்மேனைக் கூப்பிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

விடுதியின் பின்சுவரோரம் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டிவிட்டுத்தான் இளைஞர் பெட்டியைத் திறந்தார். மணல் பறக்கிறது. கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான், ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான். அதற்கு முன்னால் ஒரு மணல் துகள் பாறை. ஸ்ட்ரிப்பரால் மேல்பூச்சை உரித்தார், ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார், க்ளீவரில் வைத்து முனையைச் செங்குத்தாக ஒடித்தார். இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசர் மெஷினில் வைத்ததும் சின்னத் திரையில் இரண்டு தூண்கள் எதிரெதிரே நின்றன. மெஷின் முனையின் கோணம் சரியில்லை என்று முதல்முறை மறுத்தது. அவர் வாதாடவில்லை. மறுபடி உரித்து, துடைத்து, ஒடித்தார். இந்தமுறை ஒரு பொறி, தூண்கள் ஒட்டிக்கொண்டன. இழப்பு 0.02 டெசிபெல். ஜாயிண்டின்மேல் சிலீவை ஏற்றிச் சூட்டில் சுருக்கினார்.

லைன்மேன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "முனைய வெட்டறதுலதான்டா தம்பி எல்லாமே. எங்க வேலையும் அதானே." பிறகு கேபிள் போகவேண்டிய வழியைக் காட்டினார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த இரவில் எந்தக் கம்பங்கள் சாய்ந்தன, எந்தத் தோப்பில் தண்ணீர் நின்றது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. இளைஞரின் போனில் இருந்த வரைபடத்தில் அந்தக் கம்பங்களில் ஒன்று இன்னும் நேராக நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக்குக் களிம்பு ஏறாது, இடி அதன் வழியே வராது. ஆகவே உப்பின் கதை முடிந்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். இளைஞர் தலையசைக்கவில்லை. கம்பத்தில் பிடித்திருக்கும் கிளாம்பு இரும்பு. அது துருப்பிடித்து விட்டுவிட்டால் கேபிள் தொங்கும், லாரி இழுத்துக்கொண்டு போகும். பெட்டியின் ரப்பர் பட்டை வெயிலில் வெடித்தால் ஈரம் உள்ளே போய் கனெக்டர் முகத்தில் படியும். ஒளியின் அளவு பவர் மீட்டரில் மைனஸ் 27க்குக் கீழே போனால் வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு. அதற்கும் ஒரு ஆள் கம்பத்தில் ஏறத்தான் வேண்டும்.

அப்படி ஏறுகிற ஆளுக்கு இங்கே கூலி, இணைப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. புது இணைப்பு கொடுத்தால் காசு. சாயப்போகும் கம்பத்தை முன்கூட்டிப் பார்த்துச் சொன்னால் காசு இல்லை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பிஎஸ்என்எல்லிலிருந்து சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நிறுவனத்தின் கணக்கில் அது சம்பளச் செலவு. ஊரின் கணக்கில், எந்த ஜோடி எந்தப் பள்ளத்தில் நனையும் என்ற அறிவு. 0, 35 என்ற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி யாருக்கும் கொடுத்துவிடலாம், இருபது வருடம் கழித்தும் அது பலிக்கும். ஆறுக்குக் கீழே இறங்கிய மார்ஜினைப் பார்த்ததும் எந்த ஜாயிண்டைத் தேடிப் போவது என்பதைச் சீட்டில் எழுத முடியாது. கூடவே நடந்து பழக வேண்டும். நெம்மேலியில் அந்தப் பழக்கம் இப்போது நடப்பது, தெரிந்தவர் என்ற உரிமையில் ஒருவர் கூப்பிட, இன்னொருவர் கூலியில்லாமல் போய் நிற்பதால்தான். ஒப்பந்தம் போடுகிறவர்கள் அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் ஒரு தொகை எழுத வேண்டும்.