பழைய பெட்டிகளும் எல்லைப்புறக் குடும்பங்களும்

நம் இதழில் ரேஷன் அட்டையைப் பற்றியும், பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தைப் பற்றியும், பொங்கலுக்கு ஊர் செல்லும் வண்டிகளின் நெரிசலைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதியுள்ளனர். இம்முறை நாம் எடுத்துக்கொண்டது கட்டிலுக்கு அடியிலும் பரண்மேலும் கிடக்கும் பொருளைப் பற்றியது. படம் தெரியாத தொலைக்காட்சிப் பெட்டி, சுற்றாத மின்விசிறி, உயிரற்ற கைப்பேசி முதலியவற்றை இக்காலத்தில் மின்னணுக் கழிவு என்கின்றனர்.

நாம் இரயில்வே குமாஸ்தா. பாலக்காட்டில் ஒலவக்கோட்டுக் குவார்ட்டர்ஸில் வாசம். நம் தங்கை மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்து மாவட்டங்களாயினும், தங்கையைப் பார்க்க நாம் தமிழ்நாட்டின் வழியாகவே போகிறோம். பொள்ளாச்சி கடந்து உடுமலைப்பேட்டை வரை இரயில். பின்னர் சின்னாறு, மறையூர் வழியாகப் பேருந்து. இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதையே இல்லை என்பது எம்போன்ற இரயில்வேக்காரனுக்குச் சிறிது வெட்கந்தான்.

நாம் செல்லும் அதே பாதையில் பெட்டிகளும் சென்றன. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டு செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. 2011 ஆம் ஆண்டில் அது முடிந்து, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் வந்தது. தேனியிலும் உடுமலையிலும் இருந்த உறவினர், தம் வீட்டிற்குப் புதுத் தட்டைப் பெட்டி வந்ததும் பழையதை மலைமேலுள்ள தம்பிக்கோ மகளுக்கோ கொடுத்தனுப்பினர். வேட்டியில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ஏறியவர்களை நாமே கண்டிருக்கிறோம். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். பாசத்துடன் வந்த அப்பெட்டிகள் இன்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன.

மூடிய பெட்டி எங்கே போகிறது? ஆக்கிரிக்காரர் வருகிறார், சிறு தொகை கொடுத்து எடுத்துச் செல்கிறார். ஓடையோரத்தில் வைத்துப் படக்குழாயின் கழுத்தை உடைத்து, அதில் சுற்றியுள்ள செப்புச் சுருளைக் கழற்றிக்கொள்கிறார். மின்கம்பிகளைத் தீயிலிட்டு மேலுறையை எரித்துச் செம்பை எடுக்கிறார். கண்ணாடி அங்கேயே கிடக்கிறது. சென்ற ஆண்டு மழைக்குப்பின், துணி துவைக்கும் கல்லருகே நம் தங்கையின் இளைய மகள் அத்தகைய கண்ணாடியை மிதித்து ஆறு தையல் போட்டுக்கொண்டாள். காலின் புண் ஆறிவிட்டது. ஆனால் படக்குழாயின் பின்புறக் கண்ணாடி ஈயம் கலந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எரிகிற மேலுறையிலிருந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு எழும். சுருள் விளக்குகளிலும் குழல் விளக்குகளிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. மூணாற்று ஓடைகள் முதிரப்புழையாகிப் பெரியாற்றில் சேர்கின்றன. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறோ கிழக்கே திரும்பி, உடுமலைக்கு மேலுள்ள அமராவதி அணைக்கு வருகிறது. எல்லைச் சாவடி மனிதரைத்தான் நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது.

அந்த ஆக்கிரிக்காரர் மீது கோபம் கொண்டோம் என்பது உண்மை. நேரில் கண்டு கேட்டபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பெட்டியோட தூக்கிட்டு மலை எறங்குனா வண்டிக்கூலிக்கே கட்டாது சார். செம்பு ஒண்ணுதான் காசு. கண்ணாடிய யாரு வாங்குவா?" என்றார். அவரும் நம்மைப்போல் பிழைக்க வந்த குடும்பம். அவருடைய தகப்பனார் போடியிலிருந்து மலையேறியவராம். அவர் கூறியதில் பொய்யில்லை. உடைத்தால் இலாபம், உடைக்காவிட்டால் நட்டம் என்றிருக்கும் வரையில் எந்த உபதேசமும் செல்லாது.

சட்டம் இல்லாமலில்லை. 2012 ஆம் ஆண்டு மே முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், கருவியை உற்பத்தி செய்தவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று கூறின. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் உற்பத்தியாளர் சான்றிதழ் பெற்றுத் தம் கணக்கை நிறைவு செய்ய வேண்டும். ஆகவே பணம் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. அது மலையேறி லயத்து வாசலுக்கு வரவில்லை என்பதே குறை.

கேரளத்தில் இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே உண்டு. குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடுதோறும் வந்து பிளாஸ்டிக் முதலியவற்றைப் பெற்றுச் செல்கிறது. அவர்களுக்குக் கொடுக்கும் மாதக் கட்டணத்திற்கு முணுமுணுப்போர் நம்மில் உண்டு. வெயிலில் மூட்டை சுமக்கும் அப்பெண்களைப் பார்த்தபின் முணுமுணுக்க மனம் வராது. 2025 ஜூலையில் அரசு இன்னொரு படி முன்னே சென்றது. கிளீன் கேரளா கம்பெனியுடன் சேர்ந்து 44 வகை மின்னணுப் பொருள்களை, எடைக்கு ஏற்ப வீட்டாருக்கு விலை கொடுத்தே சேனை வாங்கும் திட்டத்தை முதலில் நகரங்களில் தொடங்கிற்று. வாசலில் காசு கிடைத்தால் பெட்டி ஓடைக்குப் போகாது. மிக நல்ல யோசனை.

நகரத்திற்குத் தைத்த சட்டை தோட்டத்திற்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் நம் ஐயம். தோட்டத்துப் பெண்கள் காலை மஸ்டருக்குப் போனால் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மாலையாகிவிடும். பகலில் சேனையார் வந்தால் பூட்டிய கதவையே காண்பர். ஞாயிற்றுக்கிழமை, அல்லது சம்பளத்திற்கு அடுத்த நாள் என்று ஒரு தேதி குறித்தல் வேண்டும். அறிவிப்பு தமிழிலும் இருத்தல் வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு 1969 ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே அளித்திருக்கிறது. நம்மவருள் இதை அறிந்தோர் சிலரே, பயன்படுத்துவோர் அவர்களினும் சிலர்.

பொருளை வைக்குமிடம் மழை புகாததாக இருக்க வேண்டும். மூணாற்று மழையில் மாதக்கணக்கில் நனைந்த பெட்டி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. (மூணாறுக் கல்லார்க் குப்பைக் கூடத்திற்கு, 'படையப்பா' என்று மக்கள் பெயரிட்டழைக்கும் காட்டுயானை காய்கறிக் கழிவைத் தேடி வந்து போனதை அன்பர்கள் கேள்விப்பட்டிருப்பர். மலைமேல் கொட்டகை போடுவோர் அதையும் கணக்கில் கொள்ளல் நலம்.)

எல்லாவற்றிலும் முக்கியமானது ஆக்கிரிக்காரரின் நிலை. திட்டம் வந்து அவர் பிழைப்புப் போய்விட்டால், அவர் இரவில் வந்து உடைப்பார். அவருக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்து, உடைக்காத பெட்டியைக் கொட்டகையில் சேர்த்தால் செம்பின் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்படி செய்தால், அவரைவிடச் சிறந்த சேகரிப்பாளர் எவருமில்லை. எந்த லயத்தில் எந்தப் பரணில் என்ன கிடக்கிறது என்பது பஞ்சாயத்தாரைவிட அவருக்கே நன்கு தெரியும். எம் பார்சல் ஆபீஸில் ஒரு கூடை மாம்பழம் வந்தாலும் எடை போட்டு, எண் எழுதி, ரசீது கொடுத்த பின்பே வண்டியேறும்; வழியில் குறைந்தால் எங்கே குறைந்தது என்று கேட்க ஒரு தாள் இருக்கும். கொட்டகையிலும் ஒரு தராசும் ரசீதுப் புத்தகமும் இருந்தால், பெட்டி முழுதாக ஆலைக்குப் போயிற்றா, வழியில் மீண்டும் ஓடைக்குப் போயிற்றா என்பது தெரிந்துவிடும்.

தங்கை வீட்டுப் பெட்டி இன்னமும் பரண்மேல் இருக்கிறது. மைத்துனர் அதை யாருக்கும் கொடுப்பதாயில்லை. மகளின் கால் தழும்பைக் காட்டி, "தேதி சொல்லட்டும் மச்சான், நானே சுமந்துகிட்டு வர்றேன்" என்கிறார். அந்தத் தேதியைக் கேட்டு அவருடைய பஞ்சாயத்துச் செயலாளருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதன் நகல் நம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் உள்ள அன்பர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்.