பர்கருக்குள் ஒரு பீட்ரூட் வட்டம்

ஆனி மாதம் பூரா நான் ஊரில் இல்லை. மெல்பர்னில் மகள் வீட்டில் இருந்தேன். இங்கே காற்று ஆளைத் தள்ளுகிற நேரம், அங்கே நடுக் குளிர்காலம். காலை ஒன்பது மணிக்கும் பேசினால் வாயில் புகை வருகிறது. மூன்று வாரமாக மகள் கையால் ரசமும் சோறும்தான் சாப்பிட்டேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, இன்னைக்குச் சமைக்கலை. நல்ல பர்கர் கடை ஒண்ணு இருக்கு, போலாம் வாங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த பர்கர் நம்ம ஊர் பேக்கரி பர்கர்தான். ஆறிப்போன பன், நடுவில் ஒரு உருளைக்கிழங்கு வடை, மேலே இனிக்கிற தக்காளி சாஸ். ஒரே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு, இந்தக் காசுக்கு நாலு போண்டா தின்றிருக்கலாமே என்று நினைத்தேன். இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கே பர்கர் என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறி. தொழுவத்தில் காங்கேயம் மாடு கட்டியிருக்கிறவன் நான். சொல்லத் தயங்கினேன். அவளே புரிந்துகொண்டாள். "ஆட்டுக்கறியில போடுவாங்கப்பா. அதுக்குத்தான் இந்தக் கடை."

பகட்டான கடை இல்லை. நம்ம ஊர் மெஸ் மாதிரிதான். மரப்பலகை மேசை, சேறு காயாத பூட்ஸோடு ரெண்டு பேர், குழந்தைகளோடு குடும்பங்கள், வாசலில் கட்டிப்போட்ட நாய். கல்லாவில் நின்று சொல்லி முதலிலேயே காசு கட்ட வேண்டும். ஒரு கம்பியில் நம்பர் மாட்டிக் கொடுப்பார்கள், அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு பர்கர் 24 டாலர். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து முன்னூறு ரூபாய். "பெருக்காதீங்க மாமா, சாப்பிட முடியாது" என்றார் மாப்பிள்ளை.

சுவரில் ஒரு கரும்பலகை. பன் எந்த பேக்கரி, ஆடு எந்தப் பண்ணை, லெட்யூஸ் எந்த ஊர் என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார்கள். லெட்யூஸ் வெரிபி சவுத்திலிருந்து வந்ததாம். முந்தின வாரம்தான் அந்தப் பக்கம் காரில் போயிருந்தோம். கடலோரமாகக் காலிஃபிளவரும் ப்ராக்கோலியும் லெட்யூஸும் வரிசை வரிசையாக நிற்கிற ஊர். கீரைக்கு ஊர்பேர் எழுதுகிற கடையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுப்படி திறந்தே இருந்தது. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கொத்துக்கறியை ஆரஞ்சு அளவுக்கு உருட்டி வைத்திருந்தார் சமையல்காரர். நாம் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு சேர்ப்போம். இதில் மாவும் இல்லை, முட்டையும் இல்லை. கறியும் அதோடு சேர்ந்த கொழுப்பும்தான். காய்ந்த இரும்புக் கல்லில் வைத்து ஒரே ஒரு அழுத்து. அதற்கப்புறம் தொடவே இல்லை. உப்பும் மிளகும் அப்போதுதான் மேலே தூவுகிறார். முன்னாலேயே உப்புப் போட்டுப் பிசைந்தால் கறி இறுகிப்போகுமாம். திருப்பிப் போட்டபோது அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் மொறுமொறுவென்று இருந்தது. சீஸை மேலே வைத்தார். அது உருகுவதற்குள் பன்னை ரெண்டாக அறுத்து, வெண்ணெய் தடவி, அறுத்த பக்கத்தைக் கல்லில் வாட்டினார். அப்படி வாட்டினால் கறிச்சாறு இறங்கிப் பன் சொதசொதக்காது.

பர்கர் வந்தது. கத்தியும் முள்கரண்டியும் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. ரெண்டு கையாலும் பிடித்துச் சாப்பிடுகிற சாப்பாடு என்றதும் எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது.

முதல் கடியில் பன் மெத்தென்று வழிவிட்டது. அப்புறம் கறியின் மொறுமொறுப்பு, அதற்குள்ளே சாறு. லெட்யூஸ் வாய்க்குள் நறுக்கென்று உடைந்தது. மசாலா இல்லாத கறி சப்பென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆட்டின் ருசி ஆட்டின் ருசியாகவே இருந்தது. ரெண்டாவது கடியில்தான் நாக்கில் சில்லென்று ஒரு புளிப்பும் இனிப்பும் தட்டியது. சுடு கறிக்கு நடுவில் ஜில்லென்று ஒன்று. பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி செய்கிற வேலையை அது செய்தது. என்ன என்று பார்ப்பதற்குள் தட்டில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

பீட்ரூட்!

"இங்க அதுதாம்ப்பா பழக்கம். பீட்ரூட் இல்லாட்டி பர்கர்னே ஒத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தாள் மகள். வட்டவட்டமாக வெட்டிய பீட்ரூட் டின் எல்லாக் கடையிலும் கிடைக்குமாம். இந்தக் கடையில் அவர்களே ஊறவைக்கிறார்களாம். நான் சிரிக்கவில்லை. பர்கரைத் தட்டில் வைத்தேன்.

"புடிக்கலையாப்பா?"

புடிச்சிருந்தது. அதனால்தான் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. போன தை மாதம் ஒன்றரை ஏக்கர் பீட்ரூட் விளைந்து நின்றது. மண்டியில் கிலோ நாலு ரூபாய்க்குக் கேட்டார்கள். பிடுங்குகிற கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் கூட்டினால் கையிலிருந்து போட வேண்டும். ரொட்டவேட்டர் விட்டு உழுதுவிட்டேன். ரெண்டு நாள் காடே சிவப்பாகக் கிடந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கவும் இல்லை, பொரியல் செய்யவும் இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏம்ப்பா சொல்லலை?"

"சொன்னா நீ பணம் அனுப்புவே கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாப்பிள்ளை எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

தட்டு எடுக்கச் சமையல்காரரே வந்தார். அவரிடம் மகள் ஏதோ சொன்னாள். இந்த பீட்ரூட்டை விளைவிக்கிறவர் எங்கப்பா என்று சொன்னாளாம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கை கொடுத்தார். தோலோடு வேகவைத்து, உரித்து, வட்டமாக நறுக்கி, வினிகர், சர்க்கரை, உப்பு, மிளகு சேர்த்து ரெண்டு நாள் ஊறவைப்பேன் என்று சொல்லிக் கொடுத்தார். தோலை முதலிலேயே சீவினால் நிறமெல்லாம் தண்ணீரில் போய்விடும் என்றார். அது எங்கள் வீட்டம்மாவுக்கும் தெரியும். பிறகு அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். மகள் பதில் சொல்லப் போய், தெரியாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இது எத்தனை நாள் பயிருப்பா?"

"எம்பது, தொண்ணூறு நாள்."

அவளைத் தோட்டத்துப் பக்கமே வரவிடாமல் படிக்க வைத்தவன் நான்தான். மண்வெட்டி தொட்டால்கூடத் திட்டுவேன். வெள்ளாமையைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மிச்ச பர்கரை முழுசாகச் சாப்பிட்டேன். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது.

ஆடிப்பட்டத்துக்கு ஊர் வந்து சேர்ந்தேன். மண்டியை நம்பி இல்லை, வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் என்று ரெண்டே சென்ட் பீட்ரூட் ஊன்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "முளைச்சிருச்சாப்பா?" என்று கேட்டாள். ஒரு விதையில் மூணு, நாலு முளை வரும், ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும் என்றேன்.

"ஐயோ, பிடுங்குனதை என்ன பண்ணுவீங்க?"

"உங்கம்மா கீரையாக் கடைஞ்சுட்டா."