கல்லைக் கேட்டு வெடி வைப்பது

மயிலாடிச் சிற்பி ஒரு கல்லை விலை பேசுமுன் அதனைத் தட்டிப் பார்ப்பார். மணியோசை போல் நாதம் எழுந்தால் எடுத்துக்கொள்வார். உடைந்த பானையின் ஓசை வந்தால் ஒதுக்கிவிடுவார். கல்லை ஆண், பெண், நபும்சகம் என்று ஓசையைக் கொண்டே வகுத்தது நமது சிற்ப மரபு. இதைக் கேட்டுப் புன்னகை பூக்கும் படித்த நண்பர்கள் நமக்கு உண்டு. ஆனால் இன்றைய பூகர்ப்ப சாஸ்திரிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பழுதற்ற கருங்கல்லில் ஒலியலை விநாடிக்கு 5 கிலோமீட்டர் அளவில் ஓடும். உள்ளே விரிசல் இருந்தால் அதன் வேகம் குறைந்துவிடும். சிற்பியின் செவிக்குக் கருவி துணை வந்திருக்கிறது, அவ்வளவே.

நாஞ்சில் நாட்டுக் குன்றுகளில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் சமாதிக் கல்லை 1893-ல் ஆராய்ந்த ஹாலண்டு என்பவர் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். சமாதிக்கு அக் கல் போனதோ நமது சென்னைப் பக்கத்திலிருந்து! கல் நம்முடையது, பெயர் மட்டும் அவருடையது.

இவ்வளவு உறுதியான பாறையும் ஒரே பிண்டமன்று. அதில் இயற்கையாகவே பிளவுகள் ஓடுகின்றன; சில இடங்களில் வரி வரியாகப் படிவம் சாய்ந்திருக்கும்; மேலே மழையிலும் வெயிலிலும் உளுத்த பகுதி இருக்கும். இவற்றை அறியாமல் துளையிட்டு வெடிமருந்தை அடைத்தால் என்ன ஆகும்? வெடியின் வாயு எளிய வழியைத் தேடிப் பிளவின் வழியே வெளியேறிவிடும். பாறை உடைய வேண்டிய இடத்தில் உடையாது. கல் மாத்திரம் எங்கேயோ பறக்கும். எஞ்சிய சக்தி பூமி அதிர்ச்சியாகவும் ஓசையாகவும் பக்கத்துச் சுவர்களை வந்து தட்டும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பிளவுகள் எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில், எத்தனை இடைவெளியில் ஓடுகின்றன என்று வரைபடம் எழுதுவது. அடுத்தது, துளையிடும்போதே எந்த ஆழத்தில் இயந்திரம் திடுமென்று வேகமாக இறங்கிற்று என்று குறித்துக்கொள்வது. அங்கே பாறை மெலிந்திருக்கும், அல்லது வெற்றிடம் இருக்கும். அவ்விடத்தில் மருந்து வையாமல் கற்பொடியால் அடைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை தூரமும், துளைக்குத் துளை மருந்தின் அளவும் இக் குறிப்புகளைப் பார்த்தே தீர்மானிக்கத் தக்கவை. எல்லாத் துளைகளையும் ஒரே கணத்தில் வெடிக்காமல், விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தால் அதிர்ச்சி வெகுவாகத் தணியும்.

வீடுகளுக்கு இதில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-ல் விடுத்த சுற்றறிக்கை, அதிர்ச்சியின் வேகத்துக்கு எல்லை வகுத்தது. மிக மெதுவாய் அசையும் அதிர்ச்சியானால் குடியிருப்பு வீட்டருகே விநாடிக்கு 5 மில்லிமீட்டர். புராதனக் கட்டடங்களருகே 2 மில்லிமீட்டர்தான். சுசீந்திரம் போன்ற கோயில்களை உடைய நாட்டுக்கு அந்த இரண்டாவது எண் மிகவும் முக்கியமானது.

ஜல்லிக்குக் கல் சிதறினாலும் பாதகமில்லை. விக்கிரகத்துக்கு அப்படியன்று. பலத்த வெடியில் பெயர்ந்த பாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். பல மாதம் உளி பிடித்து, முகம் வடிக்கும் வேளையில் மூக்கு பிளந்தால் சிற்பிக்கு யார் பதில் சொல்வது? பின்னமான விக்கிரகம் பூஜைக்கு ஆகாதே! ஆகையால்தான் பழைய கல்தச்சர்கள் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு அடித்து, பாறை தானே பிளக்கும் போக்கில் பாளத்தைப் பெயர்த்தார்கள். சுசீந்திரத்தின் இசைத் தூண்களும் நெடிய அநுமாரும் வெடிமருந்து காணாத கற்களே.

குன்றுகள் மறுபடி முளைப்பவையல்ல. எந்தப் பாறை சிலைக்கு, எது ஜல்லிக்கு என்று முதல் துளைக்கு முன்பே பிரித்தறிய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். குவாரிக்கு அநுமதி கேட்பவர் பிளவுகளின் வரைபடத்தையும் வெடித் திட்டத்தையும் தமிழில் எழுதிக் கிராம சபையில் வைக்கட்டும். தட்டிப் பார்க்கத் தெரிந்த சிற்பிகள் அங்கே சிலரேனும் உட்கார்ந்திருப்பார்கள்.